அப்பாவின் குரல் அரைச்சுரம் ஏறியிருந்தது

மறைந்த அப்பாவுக்கு, பேரப்பிள்ளைகளின் தாத்தாவுக்கு, ஒரு நினைவுத் தொகுப்பு ஒருவழியாக முடிந்தது. 128 பக்கப் புத்தகம், அதன் பின்னட்டைப் பைக்குள் 32 ஜிபி பென் டிரைவ். தொடங்கும்போது கையில் இருந்தவை 11 ஆடியோ கேசட்டுகள், 436 அச்சுப் படங்கள், ஒரு தகர டப்பா நிறையக் கடிதங்கள். நான்கு மாதத்தில் முடியும் என்று போட்ட கணக்கு பதினொரு மாதம் இழுத்தது. சுத்தம் செய்கிறோம் பேர்வழி என்று செய்ததில் பாதியைத் திரும்ப அவிழ்க்க வேண்டி வந்ததுதான் முக்கியக் காரணம். எங்கெங்கே என்று வரிசையாக எழுதி வைக்கிறோம்.

கேசட்

முதலில் கேசட்டில் கை வைத்தது சரியான முடிவு. மங்கிய படத்தில்கூட ஆள் தெரியும். சிக்கிக் கசங்கிய நாடாவில் அந்த இடத்துப் பேச்சு போனது போனதுதான். நல்ல நிலையில் ஓடும் டெக் (கேசட்டை ஓட்டும் கருவி) கிடைப்பதும் வருடத்துக்கு வருடம் அரிதாகிறது.

எதையும் ஓட்டும் முன் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தடுப்புகளையும் உடைத்துவிட வேண்டும். உடைத்தபின் ரெக்கார்ட் பொத்தான் தவறிக்கூட இறங்காது. அடுத்து, சன்னல் வழியே நாடாச் சுருளைப் பார்க்க வேண்டும். விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் டெக்கின் தலைக்கும் (நாடா உரசி ஓடும், ஒலியைப் படிக்கும் பகுதி), அதன் வழியாக அடுத்த கேசட்டுக்கும் பரவும். எங்கள் 11-இல் ஒன்று அப்படி இருந்தது. அதைத் தனிப் பையில் போட்டு ஒதுக்கிவிட்டோம், இன்னும் ஓட்டவில்லை.

இன்னொன்றில் நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் பஞ்சுப் பட்டை கழன்று உள்ளே கிடந்தது. பட்டை இல்லாவிட்டால் ஒலி தூரத்தில் கேட்பதுபோல மங்கலாக வரும், உயர்சுரம் போய்விடும். பட்டையை மட்டும் ஒட்டப் பார்த்தது வீண் வேலை. பசை கொஞ்சம் கசிந்தாலும் நாடாவில் ஏறும். ஐந்து திருகாணி உள்ள, நல்ல நிலையில் இருந்த ஒரு வெற்றுக் கேசட்டைத் திறந்து, பழைய சுருள்கள் இரண்டையும் அப்படியே அதற்குள் மாற்றியதும் சரியாகிவிட்டது. சுருளைத் தூக்கும்போது நடுவட்டை விட்டுவிடக் கூடாது. விட்டால் 86 மீட்டர் நாடா மேசையில் கொட்டும் (60 நிமிடக் கேசட்டில் ஏறக்குறைய அவ்வளவு நாடா உண்டு). சில கேசட்டுகளில் திருகாணியே இருக்காது, ஓடு உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். அவற்றை மூட்டு வழியே மெல்லிய கத்தியால் நெம்பிப் பிளக்க வேண்டும்.

மூன்றாவது சிக்கல் அறுந்த நாடா. யாரோ எப்போதோ செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். செலோடேப்பின் பசை வருடக்கணக்கில் கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் பிடித்துக்கொள்கிறது. ஒட்டுக்கு இருபுறமும் சேர்த்து 4 சென்டிமீட்டரை வெட்டி எறிய நேர்ந்தது. கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுவதால் போனது ஒரு நொடிக்கும் குறைவான பேச்சு. மறுபடி ஒட்ட 3.81 மி.மீ. அகலமுள்ள ஸ்பிளைசிங் டேப் (நாடா ஒட்டுவதற்கென்றே உள்ள டேப்) தான் வேண்டும். முனைகளைச் சரிவாக வெட்டி, நாடாவின் பளபளப்பான பின்பக்கத்தில் ஒட்ட வேண்டும். தலையில் உரசும் பக்கத்தில் ஒட்டக் கூடாது.

டெக்கிலிருந்து கணினிக்கு

முதல் முயற்சி வெட்கக்கேடு. ஸ்பீக்கர் முன்னால் கைபேசியை வைத்துப் பதிந்தோம். மின்விசிறி, தெரு, அறையின் எதிரொலி எல்லாம் அப்பாவோடு சேர்ந்து பேசின. இரண்டாவதாக ஹெட்போன் துளையிலிருந்து மடிக்கணினியின் மைக் துளைக்கு ஒரு ஒயர். மைக் துளை மிகச் சின்ன சமிக்ஞைக்கானது, அதனால் உரத்த இடமெல்லாம் கரகரவென்று வெட்டுப்பட்டது. டெக்கின் லைன் அவுட்டிலிருந்து யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் சின்னப் பெட்டி) லைன் உள்ளீட்டுக்குக் கொடுத்த பிறகுதான் வேலை உருப்பட்டது. பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி. ஸ்டீரியோவில் மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல் வரும். பேச்சு மோனோவாக இருந்தாலும் இரண்டு சேனலையும் எடுத்து வைப்பது நல்லது, ஏனென்றால் நாடாவின் ஒரு விளிம்பு மட்டும் கெட்டிருந்தால் மற்ற சேனல் கைகொடுக்கும்.

ஒவ்வொரு கேசட்டுக்கும் முன் தலையையும், நாடாவை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் தண்டையும் 99% ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தோம். பழுப்பு நிறம் ஒட்டாத குச்சி வரும்வரை, அதாவது மூன்று நான்கு குச்சிகள். ரப்பர் உருளைக்கு ஆல்கஹாலைத் தாராளமாகப் போட்டால் காலப்போக்கில் ரப்பர் இறுகும். அதற்கு ஒரு சொட்டுச் சோப்பு கலந்த ஈரத்துணியே போதும். நாடாவை ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டிப் பின்னால் சுற்றிய பிறகு பிளே போட்டால், பல வருடம் அசையாமல் கிடந்த சுருளின் இறுக்கம் சீராகும்.

பிறகு அசிமத், அதாவது நாடாவின்மேல் தலை நிற்கும் சாய்வு. தலையின் ஒரு பக்கத்தில் சுருள்வில்லோடு சின்னத் திருகாணி இருக்கும். பதிந்த கருவியின் தலைச் சாய்வும் ஓட்டும் டெக்கின் தலைச் சாய்வும் பொருந்தாவிட்டால் 'ச', 'ஸ' ஒலிகள் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வரும். மோனோவில் கேட்டபடி திருகாணியை மெல்லத் திருப்பி, 'ச' எங்கே கூர்மையாகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. தொடங்குமுன் அதன் பழைய நிலையை மார்க்கர் புள்ளியால் குறித்துவைக்காதது எங்கள் தவறு. நான்காவது கேசட்டில் திசை தெரியாமல் அரைமணி நேரம் போனது.

வேகம்

அதிகக் காலத்தைத் தின்ற பகுதி இது, பலனும் இங்கேதான் அதிகம். பதிந்ததைக் கேட்டவர்கள் "குரல் கொஞ்சம் மெலிசா இருக்கே" என்றார்கள். அப்போது வயது குறைவு, அதனால்தான் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். உண்மையில், அன்று பதிந்த டேப் ரெக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கிறது. பெல்ட் தளர்ந்திருந்தாலோ பேட்டரி இறங்கியிருந்தாலோ அப்படித்தான் ஓடும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் ஏறும், பேச்சு அவசரப்படும்.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காதால் தீர்மானிக்க முடியாது. ஆளுக்கொரு அளவு சொல்வார்கள். பதிவிலேயே ஒரு அளவுகோல் ஒளிந்திருக்கிறது: மின்சாரத்தின் ரீங்காரம். மின்விநியோகம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் பதிந்தது என்றால் ரீங்காரம் 50-இலும் அதன் மடங்குகளான 100, 150-இலும் விழும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 60, 120, 180. யாரும் பேசாத பத்து நொடியைத் தேர்ந்தெடுத்து ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் பிளாட் ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்ற வரைபடம்) போட்டால் கூம்பு தெரியும்.

இங்கேதான் பெரிய சறுக்கல். 50-இல் அழகாக ஒரு கூம்பு நின்றது. வேகம் சரிதான் என்று முடிவு கட்டி, ஆறு கேசட்டை அப்படியே மூடிவிட்டோம். அந்த 50 நாடாவில் இருந்ததே இல்லை. இன்று ஓட்டும் டெக்கும் ஒயரும் போடுகிற ரீங்காரம் அது. பக்கத்திலேயே 53-இல் இன்னொரு சின்னக் கூம்பு இருந்தது. நாடாவை நிறுத்திவிட்டு வெறும் டெக்கை மட்டும் பத்து நொடி பதிந்து பார்த்தால் 50 அப்படியே நிற்கும், 53 காணாமல் போகும். காணாமல் போவதுதான் நாடாவுடையது.

அளவு துல்லியமாக வர ஒரு சின்ன உபாயம். நொடிக்கு 48,000 மாதிரி வேகத்தில் 65,536 அளவு சன்னல் (ஒரே தடவையில் அலசும் மாதிரிகளின் எண்ணிக்கை) போட்டால் வரைபடத்தின் ஒரு கட்டத்துக்கு 0.73 ஹெர்ட்ஸ், இந்த வேலைக்கு அது முரடு. பிரதி ஒன்றை 8,000-க்கு இறக்கிவிட்டு அதே சன்னல் போட்டால் 0.12 ஹெர்ட்ஸ். அதோடு 50-க்குப் பதில் அதன் மும்மடங்கான 150-ஐப் பார்த்தால் பிழை இன்னும் மூன்றில் ஒன்றாகும். எங்களுக்கு 159 வந்தது. 150-ஐ 159-ஆல் வகுத்தால் 0.943, வேகத்தை 5.66% குறைக்க வேண்டும். ஆறு சதவீத ஏற்றம் என்பது கிட்டத்தட்ட முழுதாக ஓர் அரைச்சுரம் (ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளி). 30 நிமிடப் பக்கம் 31 நிமிடம் 48 நொடியாக நீண்டது. நீண்டதும் வார்த்தைகளுக்கு இடையில் அவர் விடும் நிறுத்தம் திரும்பி வந்தது.

சுரத்தை மட்டும் மாற்றும் கருவியையோ வேகத்தை மட்டும் மாற்றும் கருவியையோ இதற்குத் தொடக் கூடாது. இரண்டும் சேர்ந்து மாற வேண்டும், நாடா அப்படித்தான் மாறியிருக்கிறது. இந்த முறையில் இன்னொரு வசதி: ஓட்டும் டெக் கொஞ்சம் வேகமாக ஓடினாலும் அந்தப் பிழையும் சேர்த்தே சரியாகிவிடும். இரண்டு கேசட்டில் தொடக்கத்தில் 157, முடிவில் 160 என்று நகர்ந்தது. அவற்றைப் பத்துப் பத்து நிமிடமாக வெட்டித் தனித்தனியாகத் திருத்தினோம்.

இரைச்சல் நீக்கம்: செய்து, பிறகு அழித்தது

நாடாவின் 'ஸ்ஸ்' ஒலியை நீக்க நாய்ஸ் ரிடக்ஷனை 24 டெசிபலுக்கு வைத்தோம். அறை சுத்தமாக அமைதியானது. கூடவே நாற்காலி கிரீச்சிடுவது, மூக்குக்கண்ணாடிக் கூட்டைச் சொடக்கி மூடுவது, பேச்சுக்கு முன் இழுக்கும் மூச்சு எல்லாம் போயின. குரலில் தண்ணீருக்குள் பேசுவதுபோல ஒரு குமிழ்ச் சத்தம் சேர்ந்தது. 6 டெசிபல் போதும், அதுவும் கேட்பதற்கான பிரதியில் மட்டும். மூலத்தில் எதையும் தொடாமல் வைத்திருந்ததால் தப்பித்தோம். பேச்சில்லாத பகுதிகளை 'வெற்றிடம்' என்று வெட்டியதும் அதே தவறு. அவற்றையும் திரும்ப ஒட்டியாயிற்று.

இதற்குப் பிறகுதான் மூன்று கோப்புறை விதி வந்தது. 'மூலம்' என்பதற்குள் போனது எக்காலத்திலும் திருத்தப்படாது. 'திருத்தம்' மூலத்திலிருந்து பிறந்தது, என்ன செய்தோம் என்ற ஒருவரிக் குறிப்போடு. 'பகிர' என்பது சிறிய அளவு, தொலைந்தால் கவலை இல்லை.

படங்கள்

436 படங்களுக்கு, ஒன்றுக்குச் சராசரி மூன்று நிமிடம், 22 மணி நேரம். பிளாட்பெட் ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). 4×6 அங்குலப் படம் 2400×3600 புள்ளியாக வரும், சுருக்காத டிஃப் கோப்பு 26 எம்பி. பழைய 6×6 செ.மீ. சதுரப் படங்களுக்கு 1200 டிபிஐ. ஸ்கேனர் தானாகச் செய்யும் தூசி நீக்கம், நிறமீட்பு, கூர்மை மூன்றையும் அணைத்துவிட வேண்டும். துடைக்கும் திரவத்தை ஸ்கேனர் கண்ணாடியில் நேரடியாகத் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் ஈரம் சட்டத்துக்குள் இறங்கும். படத்தின் தூசிக்கு ரப்பர் ஊதுபந்து. வாயால் ஊதினால் எச்சில் புள்ளி விழும்.

ஒட்டும் பக்கமுள்ள ஆல்பங்கள்தான் தொல்லை. அந்தப் பசை வருடங்கள் போகப் போகப் படத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. மூலையைப் பிடித்து இழுத்தால் படம் வளைந்து மேற்பூச்சு விரிசல் விடும். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும், மெழுகு பூசாத நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் நுழைத்து, ரம்பம் போல மெல்ல இழுத்து எடுத்தோம். வராத ஏழு படங்களைப் பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்துவிட்டோம். சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்துக்கும் அதே தீர்வு: பிரிக்காமல் கண்ணாடியோடு.

மேடுபள்ளமுள்ள பட்டுத்தாள் படங்களில் ஸ்கேனர் விளக்கு தேன்கூடு மாதிரி புள்ளிகளைக் காட்டும். ஒருமுறை நேராகவும், 180 பாகை திருப்பி ஒருமுறையும் ஸ்கேன் செய்து, இரண்டாவதைத் திருப்பி முதலாவதன்மேல் 50% ஒளிபுகுதலோடு வைத்தால் புள்ளிகள் பெருமளவு மங்கும். இரண்டையும் பொருத்துவதுதான் கண்வலி.

முகம் தெளிவாகட்டும் என்று செயற்கை நுண்ணறிவு மெருகூட்டியில் ஐந்து படங்களைப் போட்டுப் பார்த்தோம். பார்த்ததும் பிரமிப்பு, உற்றுப் பார்த்தால் எரிச்சல். கன்னத்து மச்சத்தைத் தழும்பு என்று எண்ணி அழித்திருந்தது. சற்றே கோணிய முன்பல்லை நேராக்கியிருந்தது. மங்கிய படத்தில் இல்லாத தகவலை அது எங்கிருந்தும் மீட்பதில்லை, வேறு முகங்களைப் பார்த்துக் கற்றதிலிருந்து புதிதாக வரைகிறது. ஐந்தையும் நீக்கிவிட்டோம்.

யார், எங்கே, எப்போது

படத்தின் பின்பக்கத்தை 200 டிபிஐயில் தனியாக ஸ்கேன் செய்யாமல் விட்டது, ஏறக்குறைய நூறு படங்களைத் திரும்ப எடுக்க வைத்தது. பின்பக்கத்தில்தான் அவர் கையெழுத்து, ஸ்டூடியோ முத்திரை, தாள் நிறுவனத்தின் அச்சு எல்லாம் இருக்கும். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் அச்சான தேதியை மட்டும் நம்பக் கூடாது. பேட்டரி மாற்றியபின் கேமராவில் தேதி வைக்க மறந்தவர்களே அதிகம். நெகட்டிவ் கிடைத்தால் அதன் ஓரத்துப் பிரேம் எண்களை வைத்து எது முன், எது பின் என்று உறுதியாகச் சொல்லலாம். தேதிக்கு நல்ல கடிகாரம் படத்தில் இருக்கும் குழந்தைகள். பேத்தியின் முன்பல் விழுந்த படம் இரண்டு வருட எல்லைக்குள் தானாக வந்து நிற்கும்.

பெயர் கேட்கும் வேலையை முதலில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது முழுத் தோல்வி. முதலில் ஒருவர் அடித்துச் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள். படங்களும் சுருங்கி, உள்ளே எழுதிய குறிப்புகள் இல்லாமல் சுற்றின. பிறகு தனித்தனியாக, படத்தை 8×12 அங்குல அளவில் அச்செடுத்து, பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ரெக்கார்டரை ஓடவிட்டுக் கேட்டோம். ஒரு அமர்வு 25 நிமிடம், அதற்கு மேல் போனால் சோர்வில் 'ஆமா ஆமா' தொடங்கிவிடும். கேட்கும் விதமும் முக்கியம். "இது பெரியப்பா வீட்டு விசேஷம்தானே?" என்றால் பதில் ஆமா. "இதுல என்ன நடக்குது?" என்றால்தான் கதை வரும்.

கோப்புப் பெயர் ஆண்டில் தொடங்கும்: 1974-05-012 என்பதுபோல. மாதம் தெரியாவிட்டால் 00. தமிழ்க் குறிப்புகளைப் படத்துக்குள்ளேயே ஐபிடிசி புலத்தில் (படக்கோப்பில் குறிப்பு எழுதும் இடம்) யூனிகோடில் எழுதினோம். டப்பாவில் இருந்த பழைய சிடியில் அவர் தட்டச்சு செய்த பக்கங்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மாற்றியில் போட்டு எடுத்தபின் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் சரிபார்க்க வேண்டியிருந்தது.

எழுதி எடுத்தல்

ஒரு மணி நேர ஒலிக்கு ஐந்தாறு மணி நேர எழுத்து. தானியங்கி எழுத்தாக்கம் ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் கலைத்துப் போட்டது; 'சொன்னாங்க' என்பதைச் 'சொன்னார்கள்' ஆக்கியது. முதல் இரண்டு கேசட்டை நாங்களும் அப்படி நடைதிருத்தி எழுதினோம். படித்தால் யாரோ ஒரு பேச்சாளர். திரும்ப ஒலியைக் கேட்டு, அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, ஒரே வார்த்தையை மூன்று தடவை சொன்னால் மூன்று தடவையும் எழுதினோம். உயிரோடு இருக்கும் ஒருவரைப் புண்படுத்தக்கூடிய நான்கு இடங்கள் புத்தகத்தில் இல்லை, மூல ஒலியில் இருக்கின்றன.

புத்தகம்

ஏ5 அளவு, 16 பக்க மடிப்புகள் எட்டு, நூல் தையல். பசை மட்டும் போட்டுக் கட்டினால் விரித்து வைக்க முடியாது, விரித்துப் பார்க்கும் புத்தகம் சீக்கிரம் இதழ் இதழாக உதிரும். உள்ஓரம் 20 மி.மீ. முதல் மாதிரியில் எழுத்து 10 புள்ளி. யாருக்காகச் செய்தோமோ அந்தப் பெரியவர்களாலேயே படிக்க முடியவில்லை, எனவே 13. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பூச்சில்லாத 100 ஜிஎஸ்எம் தாளில் மை பரவிப் படம் இருளும். நடுத்தர நிறங்களை 10-15% வெளுப்பாக்கிச் சோதனை அச்சு பார்த்த பிறகே முழு அச்சு.

ஒலிக்கு முதலில் கியூஆர் குறி வைத்தோம். அது சுட்டும் கணக்கோ தளமோ மூடப்பட்ட அன்று வெறும் கறுப்புக் கட்டம். அதனால்தான் பென் டிரைவ், மொத்தம் 21 ஜிபி. பென் டிரைவும் நிரந்தரமில்லை, நீண்டநாள் மின்சாரம் காணாவிட்டால் நினைவகம் கசியும். ஆகவே இரண்டு வெவ்வேறு வீடுகளில் இரண்டு ஹார்டு டிஸ்க், வருடம் ஒருமுறை செக்சம் (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுப் பார்ப்பது.

அடுத்தமுறை என்றால் ஆட்களிடம் கேட்பதை முதல் வாரத்திலேயே தொடங்குவோம், ஸ்கேனர் காத்திருக்கும். மார்க்கர் புள்ளியில்லாமல் எந்தத் திருகாணியையும் தொட மாட்டோம்.

அடையாளம் தெரியாமல் மிஞ்சிய 31 படங்களைப் புத்தகத்தின் கடைசி ஆறு பக்கங்களில் சின்னதாகப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வெற்றுக் கோடுகள் விட்டோம். மாதிரிப் பிரதியில் பளபளப்புத் தாள், பேனா மை வழுக்கி அழிந்தது. பூச்சில்லாத தாளுக்கு மாறியபின் எழுத வந்தது. இதுவரை திரும்பி வந்த பிரதிகளில் 12 படங்களுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. ஒரு படத்துக்கு மட்டும் இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். இருவர் கையெழுத்தையும் ஸ்கேன் செய்து மூலம் கோப்புறையில் போட்டிருக்கிறோம்.